ஸ்கேட்டர் ப்ளாட்டில் க்ளிக் செய்த புள்ளியை எடுப்பாகக் காட்டுவது எப்படி?

பைத்தானில் படம் வரையும் ப்ளாட்லி, அதை வலைப்பக்க ஆப் ஆக்கும் டேஷ் இரண்டையும் வைத்து எழுதிய ஆப் என்றே வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு ஒரே வரி போதும். லேஅவுட்டில் ‘க்ளிக்மோட்’ என்பதற்கு ‘ஈவென்ட்+செலக்ட்’ என்று கொடுத்தால், க்ளிக் செய்த புள்ளி அப்படியே நிற்க, மற்றவற்றின் ஒப்பாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஃபில்டர், டிராப்டவுன் எதுவும் இல்லாத படத்துக்கு இதுவே தாராளம். ஃபில்டர் இருந்தால் சிக்கல்தான்: தேர்ந்த புள்ளி அதன் வரிசை எண்ணாகவே பதிவாகிறது. தரவு மாறியதும் அதே எண்ணில் வேறு வரி வந்து உட்கார்ந்திருக்கும்.

க்ளிக்கோடு வரும் ‘பாயின்ட்நம்பர்’ (புள்ளியின் வரிசை எண்) என்பதை நம்பி எழுதினாலும் இதே கதிதான். வகைக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தால் ஒவ்வொரு வகையும் தனி ட்ரேஸ் (ஒரே தொகுதியாக வரையப்படும் புள்ளிகள்). எண் ஒவ்வொன்றிலும் 0-விலிருந்து தொடங்கும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஐடி ஒன்று வைத்து, படம் வரையும்போதே ‘கஸ்டம்டேட்டா’வில் அனுப்பிவிடுங்கள். க்ளிக் வந்ததும், அதன் விவரம் இருக்கும் ‘க்ளிக்டேட்டா’வின் முதல் பாயின்ட்டில், கஸ்டம்டேட்டாவின் முதல் உறுப்பை எடுத்தால் ஐடி கிடைக்கும்.

கால்பேக் (மதிப்பு மாறியதும் டேஷ் தானாக ஓட்டும் ஃபங்ஷன்) இரண்டாக இருக்கட்டும். முதலாவது, ஐடியை ‘ஸ்டோர்’ என்ற, மதிப்பைச் சேமித்து வைக்கும் டேஷ் கூறில் போடும்; ஏற்கெனவே அதே ஐடி இருந்தால் காலியாக்கும். இரண்டாவது, ஸ்டோரையும் ஃபில்டரையும் பார்த்துப் படம் வரையும். முதல் கால்பேக் க்ளிக்டேட்டாவையும் ‘நன்’ (பைத்தானில் ‘மதிப்பு இல்லை’) ஆக்கிவிட வேண்டும். இதை விட்டால், அதே புள்ளியை மறுபடி க்ளிக் செய்யும்போது மதிப்பு மாறவில்லை என்று டேஷ் கால்பேக்கை ஓட்டாது. தேர்வை நீக்கவே முடியாது. பக்கம் திறந்ததும் வரும் முதல் அழைப்பிலும் க்ளிக்டேட்டா நன்தான். அப்போது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

எடுப்பாகக் காட்ட, புள்ளியின் நிறத்தை மாற்றுவதைவிட மேலே ஒரு வளையம் போடுவது நல்லது. நிறம் ஏற்கெனவே வகையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே புள்ளி கொண்ட ட்ரேஸைக் கடைசியாகச் சேருங்கள்: குறி ‘சர்க்கிள்-ஓப்பன்’, அளவு 16, கோட்டுத் தடிமன் 2 அல்லது 3. லெஜண்டில் வராமலிருக்க ‘ஷோலெஜண்ட்’டை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். ‘ஹோவர்இன்ஃபோ’வுக்கு ‘ஸ்கிப்’ கொடுங்கள், ‘நன்’ அல்ல. ‘நன்’ கொடுத்தால் குறிப்புப் பெட்டி மட்டும்தான் மறையும், க்ளிக்கை வளையமே வாங்கிக்கொள்ளும். அதில் கஸ்டம்டேட்டா இல்லாததால் கால்பேக் பிழையில் விழும்.

1000 புள்ளிகளைத் தாண்டினால் ப்ளாட்லி எக்ஸ்பிரஸ் (ப்ளாட்லியின் சுருக்கவழி) தானாகவே வெப்ஜிஎல்-க்கு, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரையும் முறைக்குப் போய்விடும். அப்போது சாதாரண ‘ஸ்கேட்டர்’ வளையம் புள்ளிகளுக்கு அடியில் போய், நெரிசலான இடத்தில் தெரியாமலே போகும். வளையத்தையும் ‘ஸ்கேட்டர்ஜிஎல்’ ஆக்குங்கள்.

க்ளிக் செய்ததும் ஜூம் கலைந்தால், லேஅவுட்டில் ‘யூஐரிவிஷன்’ இல்லை என்று பொருள். மாறாத ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். தரவுத் தொகுப்பே மாறும்போது மட்டும் அந்தச் சொல்லை மாற்றுங்கள்.