ஹாட் டாடி: விஸ்கியை அடுப்பில் ஏற்றாதீர்கள்
கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல உறிஞ்ச, விஸ்கியும் தேனும் வெந்நீரும் கலந்த சூடான பானமான ஹாட் டாடிக்கு (hot toddy) இணையில்லை. ஒரு கோப்பைக்கு விஸ்கி 45 மில்லி, தேன் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, கிராம்பு 3, விரல் நீளப் பட்டை ஒன்று.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மணமும் கூடவே போகும், ஆவியில் தீப்பிடிக்கவும் கூடும். 200 மில்லி தண்ணீரில் பட்டை, கிராம்பை மட்டும் 5 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கோப்பையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் பானம் சீக்கிரம் ஆறிவிடும். தேனில் மசாலா நீரை ஊற்றிக் கலக்குங்கள். அடியில் தேன் நூல்நூலாகத் தெரிந்தால் இன்னும் கரையவில்லை என்று அர்த்தம். பிறகு எலுமிச்சை, கடைசியாக விஸ்கி.

கிராம்பைக் கூட்டாதீர்கள், நாக்கு மரத்துப்போகும். விஸ்கி இல்லாமல் டார்க் ரம் என்றால் தேனுக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை நன்றாகச் சேரும். பிராந்திக்கு ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று போதும்.

குடித்ததும் வரும் கதகதப்பு, தோலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால் வருவது. உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. அதனால் குடித்த கையோடு வெளிக்குளிரில் போய் நிற்காதீர்கள்.