குரோமோசோம் பாடத்தில் கணக்கு எங்கே இடிக்கிறது?

குரோமோசோம் என்றதும் எல்லோருக்கும் எக்ஸ் வடிவம்தான் நினைவுக்கு வரும். குழப்பமும் அந்தப் படத்தில்தான் தொடங்குகிறது. செல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேரம் குரோமோசோம்களை அப்படி வைத்திருப்பதில்லை; அவை உட்கருவுக்குள் மெல்லிய நூல்களாகப் பரவிக் கிடக்கின்றன. செல் பிரியப்போகும் சமயத்தில், டி.என்.ஏ.வை நகலெடுத்து, அதை இறுக்கிச் சுருட்டிய பிறகுதான் எக்ஸ் தெரியும்.

சரி, அந்த எக்ஸின் இரண்டு பாதிகள் யாருடையவை? "ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று அம்மாவுடையது" என்று பலர் எழுதுகிறார்கள். மற்ற பல தவறுகளுக்கு இதுதான் தாய்த்தவறு. இரண்டு பாதிகளும் ஒரே குரோமோசோமின் நகல்கள். அவற்றின் பெயர் சகோதரி குரோமேட்டிட்கள். அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும் தனித்தனிக் குரோமோசோம்கள். அவற்றை ஒத்த குரோமோசோம்கள் என்கிறோம்.

ரத்த வகையை வைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபடும். ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஒருவருக்கு அம்மாவிடமிருந்து ஏ, அப்பாவிடமிருந்து ஓ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகலெடுத்த பிறகு அம்மா தந்த 9-இன் இரு பாதிகளிலும் ஏ. அப்பா தந்த 9-இன் இரு பாதிகளிலும் ஓ. ஒரே எக்ஸில் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஓ என்று படம் வரைந்தால் தவறு. ஒத்த குரோமோசோம்களுக்கிடையே குறுக்கேற்றம் நடந்து துண்டுகள் இடம் மாறிய பிறகு மட்டும் அப்படி அமையலாம்.

அடுத்து எண்ணிக்கை. டி.என்.ஏ. இரட்டிப்பானால் மனித செல்லின் 46 குரோமோசோமும் 92 ஆகிவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் குரோமேட்டிட்களை எண்ணாதீர்கள், இரு சகோதரிகளும் ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியர்களை எண்ணுங்கள். நகலெடுத்த பிறகும் மனித செல்லில் 46 குரோமோசோம்களே, குரோமேட்டிட்கள்தான் 92. மைட்டாசிஸ் என்ற சாதாரண செல் பிரிவின் அனாஃபேஸ் கட்டத்தில் சகோதரிகள் பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம் ஆகிவிடுவதால், சற்று நேரத்துக்கு 92 இருக்கும். அப்புறம் இரு செல்களுக்கும் 46, 46.

முட்டையும் விந்தணுவும் உருவாகும் பிரிவான மியாசிஸில் எண்ணிக்கை பாதியாவது இரண்டாம் பிரிவில் என்று நினைப்பவர்கள் அதிகம். முதல் பிரிவிலேயே ஒத்த குரோமோசோம்கள் விலகி, 46 என்பது 23 ஆகிவிடுகிறது. இரண்டாம் பிரிவில் சகோதரிகள் பிரிவதோடு சரி, 23 அப்படியே 23-ஆக நிற்கும்.

எண்ணுவதில் அறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1923-இல் பெயின்டர் மனிதருக்கு 48 என்று சொன்னார். 1956-இல் ட்ஜியோவும் லெவானும் 46 என்று காட்டும்வரை அதுவே பாடமாக இருந்தது. எண்ணிக்கை கூடினால் உயிரி மேம்பட்டது என்பதும் பிழைதான்: உருளைக்கிழங்குக்கு 48, கேளையாடு என்ற மானில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7.

கடைசியாக ஒன்று, இது தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டிய விஷயம். டவுன் நோய்க்குறியைப் பரம்பரை நோய் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அப்படி வருவதல்ல. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21-ஆம் குரோமோசோம் ஜோடி பிரியத் தவறி, குழந்தைக்கு அதில் ஒன்று கூடுதலாக வந்துவிடுவதால் வருவது. பெற்றோரின் குரோமோசோம்கள் இயல்பாகவே இருக்கும். ஒரு பெண்ணின் முட்டை செல்கள் அவள் பிறக்கும் முன்பே மியாசிஸைத் தொடங்கி, பல ஆண்டுகள் பாதியில் காத்திருக்கின்றன. அந்த நீண்ட காத்திருப்பில் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் புரதங்கள் தளர்கின்றன; தாயின் வயதோடு வாய்ப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தத் தாய் செய்த எதனாலும் நடந்ததல்ல இது. வகுப்பில் இதைச் சொல்லித்தருபவர்கள் அந்த வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.