மில்லிவோல்ட், வோல்ட், கிலோவோல்ட்: புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது?

கடையில் கிடைக்கும் விலை குறைந்த மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டிசி (நேர் மின்னோட்ட) வோல்ட் பகுதியில் 200எம், 2000எம், 20, 200, 1000 என்று எழுதியிருக்கும். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று புதிதாக வாங்கி, குமிழை 20-இல் வைத்து அளந்தால் திரையில் 1.56 என்று வரும். அதே செல்லை 2000எம்-இல் வைத்து அளந்தால் 1562 என்று வரும். செல் மாறவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது. 20-இல் திரை காட்டுவது வோல்ட். எம் போட்ட இடத்தில் காட்டுவது மில்லிவோல்ட். ஆனால் பெரும்பாலான மலிவு மீட்டர்களின் திரையில் அலகு தெரியாது. குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

200எம்-இல் வைத்தால் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நிற்கும். அது ஒரு வோல்ட் இல்லை, "என் எல்லையைத் தாண்டிவிட்டது" என்று மீட்டர் சொல்வது.

படி 1: வரிசையை மனதில் வையுங்கள்

சிறியதிலிருந்து பெரியதாக: மைக்ரோவோல்ட், மில்லிவோல்ட், வோல்ட், கிலோவோல்ட், மெகாவோல்ட். அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே எப்போதும் 1000 மடங்கு. 1000 மைக்ரோவோல்ட் ஒரு மில்லிவோல்ட், 1000 மில்லிவோல்ட் ஒரு வோல்ட், இப்படியே மேலே போகும். மனப்பாடம் செய்ய இருப்பது இவ்வளவுதான்.

படி 2: எண் பெரிதாகுமா, சிறிதாகுமா?

கணக்கைத் தொடும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். ஐந்து ரூபாயைப் பைசாவில் சொன்னால் 500 ஆகிறது அல்லவா? அலகு சிறிதானால் எண் பெரிதாகும், அலகு பெரிதானால் எண் சிறிதாகும். பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 3: தசமப் புள்ளியை மூன்று இடம் நகர்த்துங்கள்

ஓர் அலகு தாண்டினால் மூன்று இடம், இரண்டு அலகு தாண்டினால் ஆறு இடம். எண் பெரிதாக வேண்டுமென்றால் வலது பக்கம், சிறிதாக வேண்டுமென்றால் இடது பக்கம்.

ஃபோன் பேட்டரியில் செய்து பார்ப்போம். பேட்டரி நிலையைக் காட்டும் செயலிகள் பலவும் 3870 மில்லிவோல்ட் என்கிற மாதிரி காட்டும். வோல்ட் பெரிய அலகு, எண் சிறிதாக வேண்டும், இடப்பக்கம் மூன்று இடம்: 3.870 வோல்ட். ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு அடித்தளமான லினக்ஸ் அமைப்போ உள்ளுக்குள் இதே அளவை மைக்ரோவோல்ட்டில்தான் வைத்துக்கொள்ளும். அங்கே 3870000 என்று இருக்கும். அதை வோல்ட் ஆக்க இடப்பக்கம் ஆறு இடம் போனால் மறுபடி 3.87.

நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த எண்ணை நாம் 38,70,000 என்று எழுதுவோம். லட்சக் கணக்கில் காற்புள்ளி இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒருமுறை விழும், அலகுகளோ மூன்று மூன்றாகத் தாவும். காற்புள்ளியை வைத்து இடம் எண்ணினால் கணக்கு தப்பும். ஆகவே அலகு மாற்றும்போது காற்புள்ளி போடாமல் எழுதிக்கொள்வதே நல்லது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் டிசி மின்பாதை 800 கிலோவோல்ட். வோல்ட்டில் 800000, வாயால் சொன்னால் எட்டு லட்சம் வோல்ட். மெகாவோல்ட்டில் 0.8.

படி 4: எம் சின்னதா, பெரியதா?

ஆங்கிலத்தில் சிறிய எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு வித்தியாசம். நோட்டில் எழுதும்போது இதில் சோம்பல் வேண்டாம். மைக்ரோவுக்கு மியூ என்ற கிரேக்க எழுத்து. தட்டச்சு செய்ய வசதியில்லாதவர்கள் அதற்குப் பதில் யூ போடுவார்கள்.

பவர் பேங்கில் போட்டிருக்கும் மில்லிஆம்பியர் மணி இந்த வரிசையில் சேராது. அது வேறு அளவு. புள்ளியை எவ்வளவு நகர்த்தினாலும் வோல்ட் ஆகாது.

படி 5: கூட்டும் முன் ஒரே அலகுக்கு வாருங்கள்

1.2 வோல்ட்டும் 350 மில்லிவோல்ட்டும் சேர்ந்தால் 351.2 இல்லை. 350 மில்லிவோல்ட் என்பது 0.35 வோல்ட், ஆகவே கூட்டினால் 1.55 வோல்ட்.

இது நன்றாகப் பழக வேண்டுமென்றால் எல்எம்35 வெப்ப உணரியும், அதன் வோல்ட்டை எண்ணாக மாற்றிக் காட்டும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையும் போதும். உணரி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 பங்காக்கிப் பார்க்கும். முதலில் 5 வோல்ட்டை 5000 மில்லிவோல்ட் ஆக்குங்கள். 1024-ஆல் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 4.88 மில்லிவோல்ட். திரையில் 66 வந்தால் 66 × 4.88, அதாவது சுமார் 322 மில்லிவோல்ட். பத்தால் வகுத்தால் 32.2 டிகிரி. வோல்ட்டை மாற்றாமல் அப்படியே 5-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் அறை வெப்பம் 0.03 டிகிரி என்று வரும். ஊட்டியில்கூட அப்படி ஒரு நாள் அபூர்வம்!

சரி, நீங்களே போட்டுப் பாருங்கள்:

- தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் 11 கிலோவோல்ட், வோல்ட்டில் எவ்வளவு?
- அதிலிருந்து வெளியே வரும் 433 வோல்ட், கிலோவோல்ட்டில் எவ்வளவு?
- ஒரு முனை 0 டிகிரியிலும் மறுமுனை 100 டிகிரியிலும் இருக்கும்போது கே வகை தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளாலான வெப்ப உணரி) தரும் 4.096 மில்லிவோல்ட், மைக்ரோவோல்ட்டில் எவ்வளவு?

விடைகள்: 11000, 0.433, 4096. முதல் இரண்டும் காகிதத்தில் மட்டும். மஞ்சள் மீட்டரை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போய்விடாதீர்கள்.