வானியல் கூட்டத்துக்கு வளர்பிறை அஷ்டமியே சரியான நாள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளியிலோ ஊர் மண்டபத்திலோ வானியல் பேச்சும் தொலைநோக்கிக் காட்சியும் நடத்துகிறீர்களா? பௌர்ணமியை விட்டுவிட்டு, வளர்பிறை அஷ்டமியில் வையுங்கள். தினசரி நாட்காட்டியைக் கிழிக்கும்போது, மாலை 6 மணிக்கு வளர்பிறை அஷ்டமி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடும் காலம். வளர்பிறை அஷ்டமி 84 முதல் 96 பாகை வரை. அதாவது நிலவு சரிபாதி ஒளிரும் நேரம். அன்று சூரியன் மறையும்போதே நிலவு உச்சிக்கு அருகில் நிற்கும், நள்ளிரவு வரை மறையாது. பேச்சு நீண்டாலும் கவலையில்லை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் வெயில் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும்; நிலவிலுள்ள அப்பினைன் மலைத்தொடர் இருளுக்குள் வெள்ளிக் கம்பிபோல் நீளும். சிறிய தொலைநோக்கியே போதும். பௌர்ணமியில் இந்த நிழல்கள் இல்லை, கண்தான் கூசும்.

இன்னொரு வசதி: அஷ்டமியில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபம் எளிதில் கிடைக்கும். ஓசூர் நகர வெளிச்சமும் நிலவைக் கெடுக்காது.

பால்வெளியையோ டிசம்பர் 14 வாக்கில் வரும் ஜெமினிட் எரிகற்களையோ காட்ட வேண்டுமென்றால் இது பொருந்தாது. அவற்றுக்கு நிலவில்லாத, இருண்ட வானம் வேண்டும். தேய்பிறை அஷ்டமியும் உதவாது. அன்று நிலவு எழவே நள்ளிரவாகிவிடும். ஐப்பசி மழைக்காலத்தில் எந்தத் திதியையும் நம்ப வேண்டாம்.