கையெழுத்துப் போடுவதற்கு முன்: ஐரோப்பியப் பாடசாலைகளில் இனவெறியும் அதை எதிர்கொள்வதில் நடக்கும் தவறுகளும்

ஜேர்மனியில் தமிழ்ப் பெற்றோருக்கு மொழிபெயர்க்க அவ்வப்போது பாடசாலைகளுக்குப் போய் வருகிறேன். ஒரு மாலை, நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கான பெற்றோர் சந்திப்பு. கணக்கில் 2 எடுத்திருந்தான். இங்கே 1தான் உச்சம். ஆசிரியை நல்ல மனுஷி. "கிம்னாசியம் அவனுக்குப் பெரிய சுமையாகிவிடும், வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஆளில்லையே" என்றார். கிம்னாசியம் என்பது பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் உயர்நிலைப் பாடசாலை. அப்பா உணவகச் சமையலறையில் வேலை முடித்து நேரே வந்திருந்தார். நான் தமிழில் சொன்னதும், "ரீச்சர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். எங்க கையெழுத்து வைக்கிறது எண்டு கேளுங்கோ தம்பி" என்றார். கேட்டேன். அதை மட்டும்தான் கேட்டேன்.

அன்று அந்த அறையில் யாரும் யாரையும் திட்டவில்லை. இனவெறி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மைதானத்தில் விழும் வசைச்சொல். பாடசாலைகளும் அங்கேயேதான் தேடுகின்றன: சுவரொட்டி ஒட்டுவது, ஒருநாள் பயிற்சி நடத்துவது, இரண்டு பிள்ளைகளைக் கைகுலுக்க வைப்பது. வசை வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பாதையைத் திருப்பிவிடுவது பெரும்பாலும் ஒரு படிவம், அதுவும் மிகவும் பணிவான குரலில் நீட்டப்படும் படிவம்.

இதற்கு ஐரோப்பாவில் மிகத் தெளிவான உதாரணம் செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரம். அங்கே ரோமா (ஐரோப்பாவில் காலங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் சிறுபான்மை இனம்) பிள்ளைகளை அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான சிறப்புப் பாடசாலைகளுக்கு அனுப்புவது வழக்கமாகவே இருந்தது. 1990களின் கடைசியில் எடுத்த கணக்கின்படி, நகரின் ரோமா மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சிறப்புப் பாடசாலைகளில் இருந்தார்கள். மற்றவர்களில் அங்கே இருந்தவர்கள் 1.8 சதவீதம். 18 பிள்ளைகளின் சார்பில் வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. முதல் சுற்றில், 2006இல், தோற்றார்கள். 2007 நவம்பர் 13 அன்று பெரிய அமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அரசின் வாதம் என்ன தெரியுமா? உளவியல் சோதனை வைத்தோம், பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பெரும்பான்மைப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரித்த சோதனையில் ரோமா பிள்ளை பின்தங்கினால் அது அறிவைக் காட்டவில்லை. வேறு வழி என்ன இருக்கிறது, இதில் இழப்பது என்ன என்று தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. அதற்கும் மேலே, பாகுபாட்டுக்கு உள்ளாகாத உரிமையைப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கவே முடியாது. இதைப் படித்த அன்று அந்தச் சமையல்காரர் அண்ணர்தான் நினைவுக்கு வந்தார்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2005இல், செக் நாட்டில் சட்டம் மாறி 'சிறப்பு' என்ற பெயர் போய்விட்டது. பல பாடசாலைகள் 'செயல்முறைப்' பாடசாலைகள் ஆயின. கட்டடம் அதே, பாடத்திட்டமும் ஏறக்குறைய அதே, வரிசையில் நின்ற பிள்ளைகளும் அதே. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதைத் தனித் தவறாகவே எண்ணலாம். ஐரோப்பிய ஆணையம் 2014இல் செக் குடியரசு மீது நடவடிக்கை தொடங்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் ஸ்லோவாக்கியா, அதற்கடுத்த வருடம் ஹங்கேரி.

ஹங்கேரியின் ஜியோன்ஜியோஷ்பட்டா என்ற ஊரில் பிரிப்பு இன்னும் பச்சையாக நடந்தது. ஒரே பாடசாலை, ரோமா வகுப்புகள் கீழ்த்தளத்தில், மற்றவர்கள் மாடியில். 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்குப் பண இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பானோ, உழைக்காமல் பணம் பெறுவது நியாயமா என்று அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டிருந்தார். பறிபோன படிப்புக்கு உழைத்து எப்படி ஈடு கட்டுவது என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்து மொழி. "வீட்டில் ஜேர்மன் கதையுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்காத தமிழ்த் தாய் இங்கே குறைவு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அம்மா தனக்குச் சரளமில்லாத மொழியில் பிள்ளையோடு கதைத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறை ஜேர்மனும் ஊமையான அம்மாவும். மொழி தெரியாத பிள்ளைக்குத் தனி வகுப்பு வைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. குரோஷியாவில் ரோமா பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்புகள் வைத்த வழக்கில், 2010இல், அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் வேறு இடத்தைத் தொட்டது: உள்ளே அனுப்புமுன் மொழிச் சோதனை வைத்தீர்களா? அந்த மொழியைக் கற்பிக்கத் தனித் திட்டம் உண்டா? வெளியே வரும் வழி எது? 9க்கு 8 என்ற நூலிழையில்தான் பிள்ளைகள் ஜெயித்தார்கள். நம் பிள்ளையை 'ஆயத்த வகுப்பு' ஒன்றில் போடும்போது நாம் கேட்க வேண்டியதும் இந்த மூன்றுதான்.

"எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான், நான் நிறம் பார்ப்பதில்லை." இந்த வசனத்தைச் சொல்லும் ஆசிரியர் பொய் சொல்வதில்லை, தன்னைச் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மன்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் ஒரே சொல்வதெழுதுதல் தாளைத் திருத்தக் கொடுத்தார்கள். சிலருக்கு அது மாக்ஸ் என்ற ஜேர்மன் பெயர்ப் பையன் எழுதியது, சிலருக்கு முராட் என்ற துருக்கிப் பெயர்ப் பையன் எழுதியது. பிழைகளை எல்லோரும் சரியாகத்தான் எண்ணினார்கள். மதிப்பெண் போடும்போது முராட்டுக்குக் குறைந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு உறைத்தது அந்த இடம்தான்: பிழையை எண்ணும் கை நேர்மையாக இருக்கிறது, மதிப்பிடும் கை வழுக்குகிறது. இதற்குப் பயிற்சிப் பட்டறையைவிட எளிய வழி, பெயரை மறைத்துத் திருத்துவது.

நிறம் பார்ப்பதில்லை என்பதை ஒரு நாடே சொன்னால்? பிரான்சில் அரசமைப்புச் சபை 2007இல் இன அடிப்படையிலான கணக்கெடுப்புக்குத் தடை போட்டது. நாஜிகள் காலத்து யூதர் பட்டியல்களை நினைத்தால் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் ஒஸ்ட்ராவா வழக்கு நின்றது எண்களின் மேல். எண்ணாத இடத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்கு மட்டும் இப்படி நடந்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

எல்லோருக்கும் ஒரே விதி என்றாலே நியாயம் என்பதும் வழுக்கலான வாதம். இங்கிலாந்தில் ஒரு பாடசாலை தலைப்பாகையை எடுத்தால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியச் சிறுவனிடம் சொல்ல, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983இல் அதைப் பாகுபாடு என்றது. 2011இல் லண்டனில், தலைமுடியை நெருக்கிப் பின்னிய கறுப்பினச் சிறுவனை உள்ளே விடாத பாடசாலைக்கும் உயர் நீதிமன்றத்தில் அதே கதிதான்.

பன்னாட்டு உணவு நாள் பற்றி ஒரு வார்த்தை. நானும் வடை கொண்டுபோயிருக்கிறேன், முதலில் தீர்ந்ததும் எங்கள் தட்டுத்தான். மகிழ்ச்சி. ஆனால் வடை தின்ற அதே ஆசிரியருக்கு மூன்று வருடமாக என் மகளின் பெயர் வாயில் நுழையவில்லை. பதிவேட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும் என் அப்பாவின் பெயரை, அதுவும் பாதியாக வெட்டி, சொல்லிக்கொண்டிருந்தார். மகள் திருத்துவதை நிறுத்திவிட்டாள்.

வசை விழுந்த அன்று பாடசாலைகள் விடும் தவறு, அடிபட்ட பிள்ளையையே வகுப்பு முன் நிறுத்தி "உனக்கு எப்படி இருந்தது, சொல்லு" என்பது. பெற்றோர் விடும் தவறு, வாய்ப்பேச்சோடு திரும்பி வருவது. திகதி, இடம், சொன்ன சொல் அப்படியே, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று அன்றிரவே எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 2010இன் சமத்துவச் சட்டம் பாடசாலைகளுக்கும் பொருந்தும். ஜேர்மனியின் 2006ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பெரும்பாலும் வேலைக்கும் தனியார் ஒப்பந்தங்களுக்கும்தான். அரசுப் பாடசாலைகள் மாநிலத்தின் கையில். பெர்லின் 2020இல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டது.

அப்புறம், நம் வீட்டுத் தவறு. "நாங்கள் ஒழுங்காகப் படிக்கிற ஆக்கள், அவையளை மாதிரி இல்லை" என்று ரோமாவையும் ஆப்பிரிக்கரையும் காட்டிச் சொல்வோம். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் 'காப்பிலி' என்ற சொல் எத்தனை தமிழ் வரவேற்பறைகளில் சாதாரணமாகப் புழங்குகிறது! சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர், மகனைக் கிம்னாசியத்தில் சேர்க்கவில்லை என்று நிறவெறி பற்றி என்னிடம் அரைமணி நேரம் கொதித்தவர்.

அந்தச் சமையல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாநிலமான நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் ஆசிரியரின் பரிந்துரை கட்டாயமல்ல, முடிவு பெற்றோருடையது. பவேரியா மாநிலம் போல மதிப்பெண் வரம்பு இல்லை. இது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் இடையில் பேசக்கூடாது என்பது விதி என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போதெல்லாம் சந்திப்புக்கு முன், பஸ் தரிப்பிடத்தில் வைத்தே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன்: எந்தத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லலாம், அதற்கு யாரும் கோபிக்க முடியாது.