58 வயதில் குதிரையிலிருந்து விழுந்த பிறகு

மெதுவாக ஓடிக்கொண்டிருந்த குதிரை எதையோ கண்டு மிரண்டு சட்டென்று விலகியது. நான் தரையில் கிடந்தேன். கையை ஊன்றியதால் மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

குற்றம் குதிரையுடையது அல்ல. பயத்தில் முன்னால் குனிந்து, முழங்கால்களால் சேணத்தை நெரித்துக்கொண்டிருந்தேன். அப்படி நெரித்தால் கால் மேலேறி, பிடிமானமே போய்விடும். இப்போது குதிகாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கிறேன். அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில், பாதத்தின் முன்பகுதி மட்டுமே. குதிகால் வைத்த பூட்ஸ் இல்லாமல் ஏறுவதில்லை. விழும்போது அந்த வளையத்தில் கால் சிக்கி இழுபடுவதைவிடக் கொடியது வேறில்லை! அடிபட்ட ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை, ஆனாலும் மாற்றிவிட்டேன். தரையிலிருந்து தாவாமல் மரப்படியில் நின்று ஏறுகிறேன். குதிரையின் முதுகுக்கும் அது நல்லது. விழுந்தால் கையை நீட்டாமல் தோளால் உருள்வதை மெத்தையில் பழகினேன்.

மூன்று மாதம் கழித்து அதே குதிரை மறுபடி மிரண்டது. நான் சேணத்திலேயே இருந்தேன்.