கடினமான செய்தியை ஆங்கிலத்தில் எழுதும்போது

இரங்கல், மறுப்பு, பணம் கேட்டு நினைவூட்டல், மன்னிப்பு ஆகியவை தாய்மொழியில் எழுதுவதற்கே தயக்கம் தருபவை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு லண்டனிலுள்ள வாடிக்கையாளருக்கோ ரொறன்ரோவிலுள்ள மேலதிகாரிக்கோ அவற்றை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லாத செய்தியும் வாசிப்பவரின் மனத்தை நோகச் செய்துவிடுவதுண்டு. மரியாதையை எங்கே வைப்பது என்பதில் இரண்டு மொழிகளும் வேறுபடுவதே இதற்கு முதற்காரணம்.

தமிழில் மரியாதை வினையின் ஈற்றிலும் விளிச்சொல்லிலும் இருக்கிறது. "அனுப்புங்கோ அண்ணை" என்றால் அந்த ஈறும் அந்த உறவுச்சொல்லும் சேர்ந்து கட்டளையை வேண்டுகோளாக்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ' ஒன்றே என்பதால், மொழிபெயர்க்கும்போது இரண்டும் உதிர்ந்துபோய், "ப்ளீஸ் சென்ட்" என்ற வெறும் ஏவல் மட்டுமே எஞ்சுகிறது. 'ப்ளீஸ்' சேர்ந்தாலும் அது ஏவலாகவே கேட்கும். ஆங்கிலம் தன் பணிவைக் கேள்வி வடிவத்திலும், 'குட்', 'வுட்' ஆகிய துணைவினைகளிலும், இறந்தகாலத்திலும் வைத்திருக்கிறது. "ஐ வோஸ் வொண்டரிங் இஃப் யூ குட்" என்று தொடங்கும் வாக்கியத்தில் விருப்பம் இன்றையது, வினை நேற்றையது. அந்தச் சிறு விலகல்தான் எதிரே இருப்பவருக்கு "இயலாது" என்று சொல்ல இடம் விடுகிறது. ஆகவே எழுதத் தொடங்குமுன் 'நான் இப்போது கேட்கிறேனா, மறுக்கிறேனா, ஆறுதல் சொல்கிறேனா' என்பதைத் தமிழில் ஒரு வரியில் குறித்துவையுங்கள். பிறகு அந்த வரியை மொழிபெயர்க்காமல், அந்தச் செயலைச் செய்ய ஆங்கிலேயர் வழக்கமாக எடுக்கும் தொடரைத் தேடுங்கள்.

நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஆங்கிலம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினறியின் காலம் முதல் இங்கே ஆங்கிலம் கற்றவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றவர்கள். அதனால் நமக்கு வந்துசேர்ந்த கடித நடையில் மனு எழுதும் நடை மிகுதி. 'கைண்ட்லி', 'டு த நீட்ஃபுல்' ஆகியவை நம் கந்தோர்களில் பணிவான சொற்களே. ஆனால் இன்றைய பிரித்தானிய, கனேடிய வாசகருக்கு முதலாவது கண்டிப்பாகவோ போலி மின்னஞ்சலின் குரலாகவோ கேட்கக்கூடும். இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்பதையே சொல்லாமல் விட்டுவிடுகிறது. இந்த நடை தவறானதன்று. உள்ளூர் விண்ணப்பங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது இரங்கல். நம் ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் "என்ன வருத்தம், எத்தனை வயது, கடைசி நேரத்தில் ஆர் பக்கத்தில் இருந்தது" என்று கேட்பதே அக்கறை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வீட்டார் ஆறுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும் இரங்கலில் இறப்பின் காரணத்தைக் கேட்பது துருவுவதாகவே படும். 'எக்ஸ்பயர்ட்' என்று நாம் எழுதும் சொல் அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் காலாவதியாவதை நினைவூட்டும். 'டைட்' என்பதோ 'பாஸ்ட் அவே' என்பதோ போதும். "ஐ வோஸ் சோ சொறி டு ஹியர் அபவுட் யுவர் மதர்" என்று தொடங்கினால், இறப்பு என்ற சொல்லே வராமல் செய்தி நிறைவாகிவிடும். இறந்தவரை நீங்கள் அறிந்திருந்தால் அவரைப் பற்றிய ஒரு நினைவை ஒரே வாக்கியத்தில் சேருங்கள். அட்டையில் அச்சிட்ட ஆறுதல் எதுவும் அதற்கு ஈடாகாது. எல்லாம் கடவுளின் விருப்பம் என்ற கருத்தை, அவரும் அவ்வாறே நம்புபவர் என்று தெரிந்தாலன்றி எழுத வேண்டாம். முடிவில் "ப்ளீஸ் டோன்ட் ஃபீல் யூ நீட் டு ரிப்ளை", அதாவது பதில் எழுத வேண்டிய கட்டாயமில்லை என்று சொல்வது, துயரில் இருப்பவரின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கிவைக்கிறது.

மறுப்பில் நாம் தடுக்கி விழும் இடம் வேறு. "பார்ப்பம்" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் இல்லை என்பதன் மென்மையான வடிவம் என்று கேட்பவருக்கு விளங்கிவிடும். அதையே "ஐ வில் ட்ரை" என்று எழுதினால், வாசிப்பவர் உண்மையாகவே காத்திருப்பார்; பின்னர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ வோன்ட் பி ஏபிள் டு டேக் திஸ் ஒன்" என்று இயலாமையை முதல் வரியிலேயே தெளிவாகச் சொல்லி, ஒரு காரணத்தை மட்டும் எழுதுங்கள். காரணங்கள் கூடக் கூட நம்பிக்கை குறைகிறது.

பணம் கேட்பதற்குப் படிகள் உண்டு. "யூ ஹாவ் நொட் பெய்ட்" என்று 'யூ'வில் தொடங்கும் வாக்கியம் குற்றச்சாட்டு. முதல் நினைவூட்டலில் நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை (இன்வொய்ஸ்) பேசவிடுங்கள்: அது கிடைத்ததா என்று கேட்டாலே போதும். இரண்டாவதில் திகதியையும் தொகையையும் எழுதி, "குட் யூ லெட் மீ நோ வென் ஐ கன் எக்ஸ்பெக்ட் பேமென்ட்" என்று கேளுங்கள். மூன்றாவதில் மென்மைச் சொற்களைக் குறைத்து ஒரு கெடுதிகதியைக் குறிப்பிடலாம். அங்கே 'யூ ஹாட் பெட்டர்' என்ற தொடர் நல்லதொரு ஆலோசனைபோலத் தோன்றினாலும், மிரட்டலாகவே ஒலிக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மன்னிப்பைக் கெடுப்பது 'இஃப்' என்ற ஒரு சிறு சொல். "ஐ ஆம் சொறி இஃப் யூ வேர் ஒஃபென்டட்" என்றால், தவறு நடந்ததா என்பதையே எழுதியவர் ஐயப்படுகிறார் என்று பொருள்படும். 'சொறி ஃபோர் எனி இன்கன்வீனியன்ஸ்' என்பது நிறுவனங்களின் அறிவிப்புப் பலகைக்கு உரியது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னதைத் தரவில்லை என்றால், அதையே பெயர்சொல்லி எழுதி, எப்போது தருவீர்கள் என்பதையும் அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

எழுதிய தொடர் இயல்பானதா என்று பார்க்க வழிகள் உள்ளன. ஐயமான நான்கைந்து சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுக் கூகுளில் தேடினால், அத்தொடர் அப்படியே எங்கெங்கே வருகிறது, யார் எழுதுகிறார்கள் என்பது தெரியும். சொற்றொகை என்பது மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டிய தொகுப்பு. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானிய தேசியச் சொற்றொகையும் (பிரிட்டிஷ் நேஷனல் கோர்பஸ்), நூறு கோடிக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தற்கால அமெரிக்க ஆங்கிலச் சொற்றொகையும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. வாசகர் எந்த நாட்டவர் என்பதும் முக்கியம்: 'குவைட் குட்' என்பது அமெரிக்கருக்குப் பாராட்டு, பிரித்தானியருக்குப் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவே. சட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் கேட்பதானால், வாசகர் யார், உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு, நடந்தது என்ன என்பதைச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வருவதில் 'ஐ ஹோப் திஸ் மெசேஜ் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்ற தொடக்கம் இருந்தால் வெட்டிவிடுங்கள். தாயை இழந்தவருக்கு அந்த வரி கொடுமையானது.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒரு மனித வாசகரை. வெளிநாட்டில் வளர்ந்த மருமகளோ பெறாமகனோ இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அவர்களிடம் "ஆங்கிலம் சரியா" என்று கேட்டால் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தித் தருவார்கள். "இது உனக்கு வந்திருந்தால், எழுதினவரைப் பற்றி என்ன நினைப்பாய்" என்று கேளுங்கள். கோபமாக இருக்கிறார் என்றோ எதையோ மறைக்கிறார் என்றோ பதில் வந்தால், நீங்கள் விளக்கம் சொல்ல முனையாமல், எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று கேட்டு அந்த வரியை மாற்றுங்கள். மறுப்பையும் பணம் கேட்கும் செய்தியையும் ஓர் இரவு வைத்திருந்து காலையில் அனுப்புவது நல்லது. இரங்கலுக்கு மட்டும் அந்தத் தாமதம் வேண்டாம். கேள்விப்பட்ட அன்றே, இரண்டு வரியாக இருந்தாலும், அனுப்பிவிடுங்கள்.